காலையில் மூன்று செக்கன் கடகட: பழைய சன்னியின் ரைமிங் செயின்

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தம்பி, 18.05.2025

அண்ணை, என்னட்டை நிசான் சன்னி எஃப்.பி. 14 ஒன்று நிற்குது. காலையில் ஸ்ரார்ட் பண்ணினால் முன்பக்கத்தில் இரண்டு மூன்று செக்கன் கடகட என்று சத்தம், பிறகு ஒன்றுமில்லை. கராச்சில் கேட்டால் "இது பெல்ட் இல்லை, செயின். எஞ்சின் இருக்கும் மட்டும் இருக்கும், யோசிக்காமல் ஓடுங்கோ" என்கிறார்கள். உண்மையோ? நீங்கள் போன வருசம் மாற்றினதாகக் கேள்வி.

18.05.2025, இரவு

அரைவாசி உண்மை. எஞ்சினின் அடியில் சுற்றும் கிராங்கையும், வால்வுகளைத் திறக்கும் காம் ஷாவ்ட்டையும் சேர்த்துச் சுற்றவைப்பது இந்தச் செயின். அது அறுந்து போவது அபூர்வம். ஆனால் அது தனியே ஓடுவதில்லையே. இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்க கைட் இருக்கிறது, தொய்யாமல் அமத்தி வைத்திருக்க ரென்ஷனர் இருக்கிறது. கைட்டில் செயின் உரசுகிற முகம் பிளாஸ்ரிக். ரென்ஷனர் ஒயில் அமுக்கத்தில் வேலை செய்வது. கிட்டத்தட்ட முப்பது வருசம் கொதி ஒயிலில் கிடந்த பிளாஸ்ரிக் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். "எஞ்சின் இருக்கும் மட்டும்" என்பதற்கு, எஞ்சினையும் கூட்டிக்கொண்டு போகும் மட்டும் என்றும் ஒரு அர்த்தம் உண்டு.

உங்களுடைய மூன்று செக்கன் என்னவென்றால், இரவு முழுக்க வாகனம் நிற்கும்போது ரென்ஷனருக்குள் இருந்த ஒயில் கீழே வடிந்துவிடுகிறது. காலையில் பம்ப் ஒயிலை ஏற்றும்வரை செயின் தொய்ந்து அங்கே இங்கே அடிக்கிறது. ஒயில் வந்ததும் அடங்கிவிடும். காலையில் மட்டும் என்றால் அவசரமில்லை. எஞ்சின் சூடான பிறகும் கேட்டால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள்.

செயினைத் தொட முன்னம் ஒயில் பில்டரை மாற்றிப் பாருங்கள். நல்ல பில்டருக்குள் ஒயில் திரும்பி வடியாமல் தடுக்க ஒரு றப்பர் வால்வு இருக்கும். மலிவுச் சாமானில் அது பெயருக்குத்தான். ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் சத்தம் போனால் லாபம்.

19.05.2025

நேற்று எழுதும்போது ஒரே ஒரு செயின் இருப்பது மாதிரி எழுதிவிட்டேன். உங்களுடையதிலும் என்னுடையதிலும் இருக்கிற இந்த ஜிஏ15 எஞ்சினில் இரண்டு. கீழ்ச்செயின் கிராங்கில் இருந்து நடுவில் இருக்கும் ஒரு பல்லுச்சில்லுக்குப் போகிறது. அங்கிருந்து மேல்செயின் இரண்டு காம் ஷாவ்ட்டையும் சுற்றுகிறது. மேலதை மேலே திறந்து பார்க்கலாம். கீழதுக்கு ஹெட், அடியில் ஒயில் நிற்கிற சம்ப், முன்மூடி எல்லாம் இறங்க வேண்டும்.

நான் விட்ட பிழையும் அதில்தான். மேலே லேசாகத் திறக்கலாம் என்பதால் வருத்தமும் மேலேதான் என்று முடிவுகட்டினேன். மேல் ரென்ஷனரை மட்டும் மாற்றினேன். மூன்று கிழமை சத்தமே இல்லை, நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நாலாம் கிழமை துணுக்காய்ச் சந்தியில் நிறுத்திவிட்டு எடுக்கும்போது திரும்ப வந்தது. இந்த முறை பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

ஆகவே முதலில் சத்தம் எங்கே என்று பாருங்கள். நீளமான ஸ்குறூ றைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அமத்துங்கள். எஞ்சினின் மேல்மூடியான டப்பெட் கவரில் ஒருக்கால், முன்மூடியின் நடுவில் ஒருக்கால், கிராங்கின் முனையில் பெல்ட் ஓடுகிற சில்லான புளிக்குக் கிட்ட ஒருக்கால். புளிக்குக் கிட்ட வைக்கும்போது போட்டிருக்கிற சேட்டையும் தலைமயிரையும் கவனியுங்கள், பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

23.05.2025

"உதைப் பிடித்துக்கொண்டு ஏன் மாரடிக்கிறீர், விற்றுவிட்டு வேற ஒன்று எடும்" என்று இங்கே ஒருவர். எதை எடுக்கிறது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். இந்த வருசம் பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். ஐந்து வருசம் நாட்டில் இருந்த வாகனங்களே கை மாறிக் கை மாறி விலை ஏறின. திறந்த பிறகும் வரியோடு வருகிற விலையைக் கேட்டால் மல்லாவியில் இரண்டு ஏக்கர் வயலை விற்க வேணும். எங்கள் அம்மா இந்தக் காருக்கு வைத்த பெயர் "சனி". பிடித்தால் ஏழரை வருசம். எனக்கு இது ஒன்பதாவது.

30.05.2025

சாமான் எங்கே எடுத்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கிளிநொச்சியில் விசாரித்தேன், செயின் மட்டும் இருந்தது, கைட் இல்லை. வவுனியாவில் கைட் இருந்தது, ஆனால் ஏற்கெனவே ஒரு எஞ்சினில் கிடந்த ரீகண்டிஷன். பழைய பிளாஸ்ரிக்கைக் கழற்றிவிட்டு இன்னொரு பழைய பிளாஸ்ரிக்கைப் போடுவதற்கு நான் ஏன் ஹெட்டைக் கழற்ற வேணும்? கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தெரிந்த ஒருவர் மூலம் முழு செற்றாக எடுத்தேன். இரண்டு செயின், கைட், இரண்டு ரென்ஷனர், பல்லுச்சில்லுகள், முன் ஒயில் சீல். 42,000 ரூபாய். ஹெட் கஸ்கெற் தனிக்காசு.

பல்லுச்சில்லையும் சேர்த்து எடுங்கள். சைக்கிள் ஓடினவர்களுக்கு இது விளங்கும். முன்பல் தேய்ந்து கூராகி நிற்க, புதுச் செயினைப் போட்டால் எத்தனை நாளைக்கு?

பார்சல் இரவு பஸ்ஸில் வந்தது. மாங்குளம் சந்தியில் விடிய நாலு மணிக்கு நில்லுங்கள் என்றார்கள். மூன்றரைக்கே மோட்டார் சைக்கிளில் போய் நின்றேன். ஏ9 வீதியில் ஒவ்வொரு பஸ்ஸாக வந்து வேகம் குறைக்காமல் போனது. ஐந்து மணிக்குப் போன் அடித்தால் கண்டக்டர் தம்பி, "அண்ணை, நித்திரையாகிப் போனன், முறிகண்டியில் நிற்கிறம்" என்கிறார். எல்லாரும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து முடிக்க முன்னம் முறிகண்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். பார்சலையும் கால்கிலோ கச்சானையும் வாங்கிக்கொண்டு வந்தேன். பிள்ளையார் கூப்பிட்டிருக்கிறார் என்று அம்மா சொன்னா. கூப்பிட்டது கண்டக்டரின் நித்திரை.

02.06.2025

சரி, கழற்றின கதை.

போன வருசம் ஜூன். எங்கள் வளவில் நிழல் என்றால் பாலைமரத்துக்குக் கீழேதான். பாலைப்பழம் பழுத்துக் கொட்டுகிற காலம். மெக்கானிக் பாஸ் டப்பெட் கவரைக் கழற்றிக் கீழே வைக்க, முதல் பழம் காம் ஷாவ்ட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டினால் என்ன பாடு என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அது ஒயில் ஓட்டைக்குள் போனால்? "தம்பி, மேலே ஏதாவது கட்டும்" என்றார் பாஸ். அம்மா உள்ளே போய் ஒரு தறப்பாளை எடுத்துக்கொண்டு வந்தா. 2009இல் செட்டிக்குளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தந்தது. எலி கடித்த இரண்டு இடம் தவிர நல்லாகவே இருந்தது. ஒருநாளும் எறியவிடாமல் மடித்து வைத்திருந்தவ. அதைக் கட்டி முடிக்கும்வரை ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

கிராங் புளியின் போல்ட்தான் பெரிய பாடு. ஐந்தாம் கியரில் போட்டு, மனைவி உள்ளே இருந்து பிரேக்கை மிதிக்க, போல்ட் கழற்றுகிற சாவியின் பிடியில் குழாய்க்கிணற்றுக்கு வாங்கி மிஞ்சின இரும்புக் குழாயை மாட்டி நானும் பாஸும் தொங்கினோம். சாவியை நிலத்தில் முட்டக்கொடுத்து ஸ்ரார்ட்டரை ஒரு தட்டுத் தட்டுகிற ஆட்களும் உண்டு. பாஸின் இடது கை மோதிரவிரல் பாதிதான் இருக்கிறது. அதனால் அந்தப் பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை.

ஹெட் இறங்கி, சம்ப் இறங்கி, முன்மூடி கையில் வந்ததும் பாஸ் ரோச் லைட்டை என்னிடம் தந்துவிட்டு ஒதுங்கினார். மூடியின் உட்சுவரில் செயின் உரசி இரண்டு பளபளக்கிற கோடு. ஒரு கைட்டின் கீழ்ப்பாதியில் பிளாஸ்ரிக்கே இல்லை. மிஞ்சின மேல்பாதி பனங்கட்டி நிறம். நகத்தால் அழுத்தினேன், விசுக்கோத்து மாதிரி விண்டது.

மற்றத் துண்டுகள் சம்பின் அடியில் கிடந்தன. இரண்டு துண்டு ஒயில் உறிஞ்சுகிற வலையில் ஒட்டியிருந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது அதைக் கண்டபோதுதான். அந்த வலை இன்னும் கொஞ்சம் அடைபட்டிருந்தால் கிராங் பெயரிங்குக்கு ஒயில் போயிராது. செயினை மாற்றிவிட்டு சம்பைக் கழற்றாமல் மூடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுக்காதீர்கள்.

துண்டுகளைப் பழைய பேப்பரில் பரப்பி, புதுக் கைட்டைப் பக்கத்தில் வைத்து, உடைந்த சட்டி ஒட்டுகிற மாதிரி அடுக்கிப் பார்த்தேன். ஏழு துண்டு பொருந்தியது. நடுவில் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு இடைவெளி. சம்பைக் கழுவினோம், வலையைக் கழுவினோம், ஒயில் பாதைகளுக்குக் காற்று அடித்தோம். அந்தத் துண்டு கிடைக்கவில்லை. "எனக்கு முன்னம் ஆரோ ஒயில் மாற்றும்போது போயிருக்கும்" என்றார் பாஸ். இருக்கலாம்.

பூட்டுவது பற்றி: முதலாம் சிலிண்டர் பிஸ்டன் மேலே நிற்க வேண்டும். செயினில் நிறமடித்த கண்ணி எல்லாம் பல்லுச்சில்லுகளின் அடையாளங்களில் விழ வேண்டும். ரென்ஷனரின் தண்டை உள்ளே அமத்தி ஒரு கம்பியைச் செருகிவைத்துப் பூட்டி, எல்லாம் முடிந்த பிறகு கம்பியை இழுக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது மனைவியின் கொண்டையூசி. இழுக்க மறந்துவிடக்கூடாது என்று பாஸ் அதில் ஒரு முழம் சிவப்பு நூல் கட்டினார். முன்மூடிக்குக் கஸ்கெற் பசை பூசினால் அது காயவிடுங்கள். பின்னேரமே ஸ்ரார்ட் பண்ணுவோம் என்று நான் நின்றேன். பாஸ் கார்த் திறப்பைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

03.06.2025

ஒரு முக்கியமான விசயத்தை விட்டுவிட்டேன். எல்லாம் பூட்டிய பிறகு பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது முட்டினால் கையில் தெரியும். ஸ்ரார்ட்டர் முட்டினால் வால்வு வளைந்த பிறகுதான் தெரியும்.

இரண்டு சுற்று முடிந்து பார்க்கிறேன், நிறக்கண்ணி ஒன்றும் அடையாளத்தில் இல்லை! வியர்த்துவிட்டது. ஒரு பல்லுத் தவறிவிட்டது, எல்லாம் திரும்பக் கழற்ற வேணும் என்று தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தேன். பாஸ் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு வந்து சொன்னார், "கண்ணியைப் பாராதையும், சில்லிலை இருக்கிற அடையாளத்தைப் பாரும்." கிராங் இரண்டு சுற்ற, காம் ஒரு சுற்று. சில்லுகளின் அடையாளங்கள் திரும்பப் பழைய இடத்துக்கு வரும். ஆனால் செயினின் கண்ணிக் கணக்கு வேறு, அது சுற்றிக்கொண்டே தள்ளிப் போகும். பூட்டும்போது மட்டும்தான் கண்ணிக்கு வேலை. இதை முன்னமே சொல்லியிருக்கலாம். சொன்னால் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஏலாதே.

03.06.2025, பின்னேரம்

இன்னொன்று. சுற்றும்போது ஓடுகிற பக்கமே சுற்றுங்கள். இந்த எஞ்சினில் புளிப் பக்கம் நின்று பார்த்தால் மணிக்கூடு சுற்றுகிற பக்கம். அடையாளத்தைத் தாண்டிப் போய்விட்டது என்று பின்னுக்கு இழுக்காதீர்கள். செயினின் தொய்வு ரென்ஷனர் இல்லாத பக்கத்துக்குப் போய்ப் பல்லுத் தவறலாம். தாண்டினால் திரும்ப இரண்டு சுற்று. கைதானே, வலிக்கட்டும்.

11.06.2025

செயின் "நீண்டுவிட்டது" என்று இங்கே எல்லாரும் எழுதுகிறோம், நானும் பேச்சில் அப்படித்தான் சொல்லுவேன். முல்லைத்தீவில் இருந்து ஒரு வாத்தியார் பிடித்துக்கொண்டார்: "இரும்புத் தகடு எப்படி ஐசே நீளும்?" சரிதான், தகடு நீளவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கிற ஊசியும் அது உட்காருகிற புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் மயிரிழை. நூறு கண்ணியில் கூட்டிப் பார்த்தால் செயின் நீளம் கூடியிருக்கும். பழைய செயினைப் பக்கவாட்டில் கிடையாகப் பிடித்தால் வில்லு மாதிரி வளையும், புதுசு விறைத்து நிற்கும். எனது பழைய கீழ்ச்செயினை வீட்டில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்கு இந்த வித்தையைக் காட்டுவேன். இப்போது ஆட்கள் வருவது குறைந்துவிட்டது.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. செயின் நீண்டால் காம் பிந்தும், வால்வு பிந்தித் திறக்கும், இழுவை குறையும். இந்த எஞ்சினில் பிளக்குகளுக்குப் பொறி அனுப்புகிற டிஸ்ரிபியூட்டரும் காமோடு சுற்றுவதால் பொறியும் பிந்தும். முன்னர் வைத்திருந்தவரோ அவருடைய பாஸோ, இழுவை இல்லை என்று டிஸ்ரிபியூட்டரைத் திருப்பிப் பொறியை முந்தவைத்துச் சமாளித்திருக்கிறார்கள். நாங்கள் புதுச் செயினைப் போட்டுவிட்டு அதைத் தொடாமல் விட்டோம். முதல்நாள் ஓட்டம், ஒலுமடுப் பக்கம் கொஞ்சம் ஏற்றத்தில் அமத்தினால் எஞ்சினுக்குள் சல்லி போட்டுக் குலுக்கின மாதிரி தட்டுகிறது. 42,000 ரூபாய் போச்சு என்றுதான் நினைத்தேன். ரைமிங் லைட் பிடித்துத் திருத்த அரைமணித்தியாலம். ஆகவே செயின் மாற்றினால் பொறியின் ரைமிங்கையும் கட்டாயம் பாருங்கள்.

14.06.2025

மாமாவின் பழைய ஒஸ்ரின் ஏ40 கார் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். செயினுக்கும் இதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான், பரவாயில்லை.

அந்த ஒஸ்ரினில் காம் கீழே புளொக்குக்குள் இருக்கும். செயின் ஒரு சாண் தூரம்தான் ஓடுகிறது. பிளாஸ்ரிக் கைட் ஒன்றும் தேவையில்லை. காமைத் தூக்கி ஹெட்டுக்கு மேலே வைத்த பிறகுதான் செயின் அடியில் இருந்து உச்சிவரை ஓட வேண்டி வந்தது. நீளச் செயின் ஆடும், ஆட்டத்தைத் தடுக்கக் கைட் வந்தது. அதற்காக ஏ40ஐத் தெய்வமாக்கவும் வேண்டாம். அதன் பிரேக்கை மிதித்துவிட்டு முருகா என்று சொல்ல நேரம் இருக்கும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம் வன்னிக்குள் பெற்றோல் போத்தல் கணக்கு. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மாமா சொட்டுமருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார். காபரேற்றருக்குள் நாலு சொட்டு, ஸ்ரார்ட், சூடானதும் மண்ணெண்ணெய். 1996இல் கிளிநொச்சியை விட்டு வரும்போது அந்தக் காரில் பதினொரு பேரும் இரண்டு ஆடும் மல்லாவிக்கு வந்தோம், ஆடுகளில் ஒன்று என் மடியில்.

மண்ணெண்ணெய் முழுக்க எரியாது. மிச்சம் பிஸ்டன் றிங்கைத் தாண்டி ஒயிலோடு கலக்கும். மாமா குச்சியை இழுத்துப் பார்த்து "இஞ்ச பார், ஊத்தாமலே ஒயில் கூடியிருக்கு" என்பார். கூடினது ஒயில் இல்லை என்று அவருக்கும் தெரியும். தண்ணீர் மாதிரி ஆன அந்த ஒயிலில்தான் செயினும் பெயரிங்கும் ஓடின. அவர் காசு இல்லாத காலத்திலும் இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் எங்கேயாவது ஒயில் தேடிப் பிடித்து மாற்றினார். நான் 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற வருசம் ஒயிலை ஒருநாளும் மாற்றவில்லை. ஓட்டம் குறைவுதானே என்று விட்டேன். வரிசையில் பத்துயார் நகர்த்தி நிறுத்தி, பத்துயார் நகர்த்தி நிறுத்தி, எத்தனை ஸ்ரார்ட்! என் கைட் உடைந்தது அந்த வருசம்தான் என்று ஒரு சந்தேகம் எனக்கு.

15.06.2025

தடிப்பான ஒயில் ஊற்றினால் சத்தம் அடங்குமாம் என்று ஒரு கதை. நானும் 20டபிள்யூ50 ஊற்றிப் பார்த்தவன். ஓடும்போது கொஞ்சம் அமைதி, காலையில் மூன்று செக்கன் ஐந்து செக்கன் ஆனது. தடிப்பு ஏறி வர நேரமெடுக்கும். இப்போது மெல்லிய 10டபிள்யூ30, ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கால். எங்கள் கிரவல் ரோட்டுத் தூசிக்கு அதற்கு மேல் இழுக்க மனம் வரவில்லை.

06.07.2025

ஒட்டுசுட்டான் தம்பி எழுதியிருக்கிறார். பில்டர் மாற்றியதும் சத்தம் ஒரு செக்கனாகக் குறைந்ததாம். அப்படியே ஓடலாமோ என்று கேட்கிறார்.

தம்பி, மே மாதம் நான் எழுதினதைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். "சத்தம் போனால் லாபம்" என்று எழுதியிருக்கிறேன். அது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. எனக்கும் மூன்று கிழமை சத்தம் இல்லாமல்தானே இருந்தது, உள்ளே ஏழு துண்டு கிடந்தது. அடுத்த ஒயில் மாற்றும்போது வடிகிற ஒயிலைத் துணியால் வடித்துப் பாருங்கள். பனங்கட்டி நிறத்தில் பொடியோ துண்டோ கண்டால் பேசாமல் பஞ்சிகாவத்தைக்குப் போன் போடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஓடுங்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் வடியுங்கள்.

22.07.2025

தம்பி வடித்திருக்கிறார். இரண்டு துண்டு. படம் அனுப்பினார், எனக்குப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. சாமான் அடுத்த கிழமை வருகிறது. எந்த பஸ் என்று கேட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன். கண்டக்டரின் நம்பரையும்.

09.08.2025

இன்றைக்கு எனது ஒயில் மாற்றினேன். பழைய பெனியனைச் சட்டியில் கட்டி வடித்தேன். "சம்பைக் கழற்றிக் கழுவிப் பூட்டியாச்சு, இன்னும் அதுக்குள்ளை என்னத்தைத் தேடுறியள்?" என்று மனைவி. நகத்தளவுத் துண்டு வரவில்லை. பெனியனைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறேன்.